வெறுங்கழுத்துக்காரி வீட்டு அரிசி டிரம்

என் வீட்டுக்காரர் குத்துக்கல் மாதிரி பக்கத்தில் நிற்கும்போதே என்னை விதவை என்று நினைத்தவர்கள் சங்கரன்கோவிலில் ஏராளம். கல்யாண மண்டப வாசலில் சந்தனமும் குங்குமமும் கற்கண்டும் வைத்துக்கொண்டு நிற்கிற பெண்கள், எனக்கு முன்னால் போகிறவளுக்குத் தட்டை நீட்டுவார்கள், பின்னால் வருகிறவளுக்கும் நீட்டுவார்கள். நான் வரும்போது மட்டும் தட்டு தானாக அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். கற்கண்டு தின்பதற்குக்கூடவா தாலி வேண்டும் என்று ஒருமுறை கேட்டே விட்டேன். அந்தப் பிள்ளை மிரண்டுபோய் ஒரு கை நிறைய அள்ளித் தந்தது. விதவை என்றால் மட்டும் கற்கண்டு கசக்குமா என்ன? அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

நாங்கள் நகை போடாத சபை. கம்மல், வளையல், மோதிரம் எதுவும் கிடையாது. தாலியும் கிடையாது, பூவும் பொட்டும் கிடையாது. ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்குக் கழற்றியது. காது குத்தின ஓட்டை தூர்ந்துபோய், இப்போது தடவிப் பார்த்தால் ஒரு சின்னத் தழும்புதான் தட்டுப்படும். நகை போட்டுக்கொண்டு கர்த்தரைக் கும்பிடுகிற சபைகளும் உண்டு. என் அக்காவை அப்படி ஒரு சபையில்தான் கட்டிக் கொடுத்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு என் வெறுங்கழுத்து பெருமை. நாலு பேர் இருக்கிற இடத்தில் சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்கொள்கிற சகோதரிகளைப் பார்த்தால் எனக்கு ஆகாது. எதற்கு மூட வேண்டும்? நான் நிமிர்ந்துதான் உட்காருவேன்.

இந்தப் பெருமைக்கு விலை கொடுத்தவள் என் மகள். ஒரே பிள்ளை. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் ஜிமிக்கி ஆட்டிக்கொண்டு வர, இவள் வெறும் காதோடு போய் வந்தாள். நர்சிங் படிக்கிறபோது விடுதியில் கேலி செய்திருக்கிறார்கள். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "யம்மா, நீங்க உள்ளபடியே ஆசப்பட்டதே இல்லையா?" என்று கேட்டாள். "இல்ல மக்கா. நம்ம மனசு அதுல இல்ல. இருந்திருந்தா அம்மா ஒன்னய இப்படி அனுப்ப மாட்டேன்" என்றேன். அதற்கு மேல் அவள் கேட்டதில்லை. என் சொல்லை நம்பித்தான் அந்தப் பிள்ளை அந்தக் கேலியையெல்லாம் தாங்கியது. இப்போது தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள், தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்ல வேண்டும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இரண்டு பேரும் ஒரே தறிக் கொட்டகையில் நூல் சுற்றுகிறோம். தறிச் சத்தத்தில் பேசிப் பேசி இரண்டு பேருக்கும் தொண்டை பெரிசு. அவளுக்குக் கோமதியம்மன் என்றால் உயிர். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மாவிளக்கு எடுத்துவிட்டு வந்தாள் என்றால், எனக்கென்று தனியாக ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டு வருவாள். "இது சாமிக்கு வைக்காதது யக்கா, நீங்க தின்னலாம்" என்பாள். என் நம்பிக்கையை அவ்வளவு நுணுக்கமாக மதித்த வேறு ஆளை நான் பார்த்ததில்லை.

அவள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பாடுபட்டுச் சேர்த்து நகையெல்லாம் செய்து முடித்து, ஆசாரியிடமிருந்து வாங்கி வந்த மறுநாள் காலையில் அவள் புருஷனுக்கு நெஞ்சு வலி. திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் தெருமுனையில் நிற்கிறது. அவள் ஒரு மஞ்சப்பையோடு எங்கள் அடுக்களைக்குள் ஓடி வந்தாள். பைக்குள் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

"யக்கா, பிள்ளைக்குச் செஞ்ச அம்புட்டும் இதுல இருக்கு. வச்சிருங்க."

"ஏட்டி, ஒன் கொழுந்தன் வீடு இருக்கே, ஒன் தங்கச்சி இருக்காளே?"

"அங்கன குடுத்தா ஒண்ணு கழுத்துல ஏறும், இல்ல அடகுக்குப் போவும். ஒங்களுக்குத்தான் நகை ஆசையே கிடையாதே. ஈ காக்காவுக்குத் தெரியக் கூடாது யக்கா. அண்ணாச்சிகிட்டயும் சொல்லாதீய, பிள்ளைகிட்டயும் சொல்லாதீய. கல்யாணம் முடியட்டும், நானே சொல்லுதேன்."

சொல்ல மாட்டேன் என்றேன். கையைப் பிடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். நாங்கள் சத்தியம் செய்வதில்லை, ஆம் என்றால் ஆம்தான் என்றேன். அது போதும் என்று ஓடிவிட்டாள். அவள் போன பிறகு கொஞ்ச நேரம் பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். புருஷன் ஆம்புலன்ஸில் கிடக்கிற நேரத்தில், கூடப்பிறந்தவளை விட்டுவிட்டு என்னைத் தேடி வந்திருக்கிறாள் என்று நினைக்க எனக்கு மனசு நிறைந்துபோனது. டிபன் பாக்ஸைப் பையோடு அரிசி டிரம்முக்குள் புதைத்து மேலே அரிசியைத் தள்ளி மூடினேன்.

அன்றைக்குப் பிடித்தது சனியன். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வீட்டுக்குள்ளேயே பயம். தறிக் கொட்டகையில் நூல் அறுந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து டிரம் மூடியைத் தட்டிப் பார்த்தேன். சோற்றுக்கு அரிசி எடுக்க மகளை விடவில்லை, எலி வந்திருக்கிறது என்று பொய் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு துதிக்க, என் கண்ணுக்குள் அரிசி டிரம் வந்து உட்கார்ந்திருந்தது. கடைசி ஜெபத்துக்கு இருக்காமல் எழுந்து வந்த முதல் ஞாயிறு அதுதான். பொக்கிஷம் எங்கேயோ மனசும் அங்கேதான் என்று ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்தவள் நான். பொக்கிஷம் என்னுடையது இல்லை, ஆனால் மனசு என்னவோ அரிசிக்குள்தான் கிடந்தது. முழங்கால் போட்டு ஜெபம் பண்ணக்கூட டிரம்முக்குப் பக்கத்தில்தான் இடம் பார்த்தேன் என்றால் பாருங்கள். நகை இல்லாத கழுத்தை வைத்துக்கொண்டு நான் இத்தனை காலம் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நகைக்காரிகளைப் பார்த்துப் பாவப்பட்டேன்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அக்கா கொண்டு வந்த சம்பந்தம். மாப்பிள்ளை அக்காவின் சபைதான், புளியங்குடியில் அப்பாவுக்கு எலுமிச்சம்பழ வியாபாரம், பையன் அரசாங்க வேலை. நாங்கள் நகை போடாதவர்கள் என்று முதலிலேயே சொல்லியாகிவிட்டது. அவர்கள் சரி என்றுதான் சொன்னார்கள். ஆனால் அந்தச் சரிக்குள் ஒரு இழுவை இருந்தது என்று அக்கா சொன்னாள். மகளுக்குப் பையனைப் போட்டோவில் பிடித்திருந்தது. வாயால் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு வீட்டை அவளே இரண்டு தடவை கூட்டினாள். பெற்றவளுக்குத் தெரியாதா? இந்த இடம் கூடி வர வேண்டும் என்று எனக்கும் உள்ளுக்குள் துடிப்பாக இருந்தது.

காலையிலேயே அக்கா சமையலுக்கு உதவி செய்ய வந்துவிட்டாள். நான் வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அரிசி அளக்கப் போய்விட்டாள். குடத்தை இறக்கிவிட்டு உள்ளே வந்தால், டிரம்முக்குப் பக்கத்தில் மஞ்சப்பை. அவள் கையில் டிபன் பாக்ஸ், மூடி திறந்து. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அடிப்பாவி! மூடி மூடி வச்சிருக்கியேட்டி! நான் கூட ஒங்கிட்ட ஒரு குந்துமணித் தங்கம் கிடையாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியுதேன்."

"யக்கா, அத மூடு. தொடாத."

"எம்மா, எம்புட்டு அழகா ஆரம் எடுத்துருக்கே! வெளிய வெறுங்கழுத்து, உள்ள அரிசியோட அரிசியா ஆரம். நீ பலே ஆளு."

அது என்னுடையது இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அப்படியானால் யாருடையது என்று அடுத்த கேள்வி வரும். அக்கா வாயில் விழுந்தது ஊர் ஆலமரத்தில் கட்டின மைக்கில் விழுந்த மாதிரி, சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள். "மூடி வை, யார்கிட்டயும் சொல்லாத" என்று மட்டும் சொன்னேன். அதை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு கண்ணடித்தாள். அவசரத்தில் அவள் டிபன் பாக்ஸை மூடியபோது அரிசியும் சேர்ந்து உள்ளே போனதை நான் கவனிக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர். பையன், அப்பா, அம்மா. ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் கொண்டு வந்தார்கள். "ஸ்தோத்திரம்" சொல்லி உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் கழுத்தில் இரண்டு சங்கிலி. நல்ல மனுஷி மாதிரிதான் பேசினாள். அக்கா தண்ணீர் கொடுக்கிற சாக்கில் அவள் காதில் ஏதோ சொன்னதைப் பார்த்தேன்.

மகள் காபித் தட்டோடு வந்தாள். இளம்பச்சைச் சேலை, வெறும் காது, வெறும் கழுத்து. என்னைக் கேட்டால் அவளைவிட அழகான பிள்ளை அந்தத் தெருவிலேயே இல்லை. பையன் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்குப் பிடித்துவிட்டது என்பது கண்ணிலேயே தெரிந்தது.

அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "மைனி, ஒங்க சபைக்குள்ள போடாண்டாம், சரி. இப்ப நாம மட்டும்தான இருக்கோம். உள்ள பத்திரமா வச்சிருக்கியள்லா, அதுல அந்த ஆரத்த மட்டும் பிள்ள கழுத்துல போட்டுக் கூட்டிட்டு வாங்க. ஒரு போட்டோ எடுத்து மூத்தவனுக்கு அனுப்பணும். அவன் துபாய்ல இருந்து கேட்டுட்டே இருக்கான்."

என் வீட்டுக்காரர், "எந்த ஆரம்?" என்று கேட்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும். அக்கா சிரித்துக்கொண்டே, "புருசனுக்கே தெரியாம அரிசி டிரம்முக்குள்ள வச்சிருக்கா, கெட்டிக்காரி" என்றாள்.

மகள் என் பக்கம் திரும்பினாள்.

அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். பள்ளிக்கூடம், விடுதி, கேலி, அவள் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில் எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. கல்யாணம் போனால் போகிறது, வேறு இடம் பார்க்கலாம். என் பிள்ளை என்னைப் பொய்க்காரி என்று நினைத்துவிட்டால் நான் எதை வைத்து வாழ்வேன்? யாருடையது என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் ஆம் என்றால் ஆம் என்று ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறேன். அவள் என்னிடம் கொடுத்து வைத்ததும் அந்த ஒரு சொல்லை நம்பித்தான்.

"அது எங்களோடது இல்ல" என்றேன். "அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

அந்த அம்மாள் சிரிப்பு அப்படியே நின்றது. "ஒங்களோடது இல்லன்னா ஒங்க வீட்டு டிரம்முல எதுக்கு மைனி கெடக்கு? ஒங்க கூடப்பிறந்தவளே பாத்துட்டுத்தான சொல்லுதா" என்றாள். கேட்க வேண்டிய கேள்விதான். அரிசிக்குள் ஒளித்து வைத்த நகையைக் கையும் களவுமாகப் பிடித்த பிறகு எனதில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நானே நம்ப மாட்டேன்.

மகள் காபித் தட்டை ஸ்டூலில் வைத்தாள். நிதானமாகத்தான் வைத்தாள்.

"எங்க அம்மா இல்லன்னு சொன்னா இல்லதான்" என்றாள். "எங்க வீட்டுக்குள்ள நக இருக்குன்னா அது வேற யாரோடதாவதாத்தான் இருக்கும். எங்க அம்மாவ எனக்குத் தெரியும். எனக்குப் போட ஒண்ணும் கிடையாது, நான் போடவும் மாட்டேன். காபி ஆறிப் போவும், குடிங்க."

என் மகள்! நான் அழுதுவிட்டேன். பெண் பார்க்க வந்த இடத்தில் அம்மா அழுதால் என்ன நினைப்பார்கள் என்றெல்லாம் பார்க்கவில்லை. அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. டிரம்மைத் திறந்து பார்க்கவில்லை. நான் பெற்று வளர்த்ததில் இதைவிடப் பெரிய சம்பாத்தியம் எனக்கு வேறு எது இருக்கிறது?

அவர்கள் காபி குடித்துவிட்டு, வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். அதற்குப் பிறகு அங்கிருந்து போன் வரவில்லை. பையன் மட்டும் வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான். அக்கா என்னோடு பேசாமல் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். என் வீட்டுக்காரர் டிரம்மையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சொல்லலாம்னா நீயே சொல்லியிருப்ப" என்று சொல்லிவிட்டுத் தறிக்குக் கிளம்பிவிட்டார். மகள், "யம்மா, பசிக்கு, சோறு போடுங்க" என்றாள். அன்றைக்கு அவள் கொஞ்சமாகத்தான் சாப்பிட்டாள். மனசு கஷ்டப்பட்டிருக்கும், எனக்குத் தெரியும். அவர்கள் கொண்டு வந்த எலுமிச்சம்பழத்தை நான் ஊறுகாய் போட்டேன். பழம் என்ன பாவம் செய்தது?

பக்கத்து வீட்டுக்காரர் பிழைத்து வந்தார். நெஞ்சில் ஏதோ வைத்து அனுப்பியிருந்தார்கள். அவள் வந்த அன்றைக்கே மஞ்சப்பையைக் கையில் கொடுத்தேன். திறந்து பாரு என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாத்து வாங்கணும்னா ஒங்ககிட்ட ஏன் யக்கா தாரேன்?" என்றாள். பைக்குள் பார்க்காமலே எடுத்துக்கொண்டு போனாள். எங்கள் வீட்டில் நடந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் அழுவாள், தன்னால்தான் என்று நெஞ்சில் அடித்துக்கொள்வாள். அன்றைக்குச் சாயங்காலம் ஜெபம் பண்ண உட்கார்ந்தபோது நான் டிரம்மைப் பற்றி நினைக்கவே இல்லை. கல்யாணம் முடிகிற வரைக்கும் வாயைத் திறப்பதில்லை என்ற பேச்சு மட்டும் பாக்கி இருந்தது. அதனால் மகளிடமும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

தை மாதம் கல்யாணம். நானும் மகளும் மண்டபத்துக்குப் போனோம். என் வீட்டுக்காரர் முதல் நாளே போய்ப் பந்தி வேலையில் இறங்கியிருந்தார். வாசலில் சந்தனத் தட்டு வழக்கம்போல என்னைக் கண்டதும் திரும்பிக்கொண்டது. நான் சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். மணமகள் அறை வாசலில் நின்று பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். அவர்கள் வழக்கம் எனக்குத் தெரியும். முதல் நகையைச் சுமங்கலி ஒருத்திதான் பூட்டிவிட வேண்டும்.

என்னைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "யக்கா, நீங்க போட்டு விடுங்க" என்றாள்.

அவர்கள் சொந்தத்தில் மூத்த ஒரு அம்மாள், "ஏட்டி, கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? தாலி இல்லாதவள மொத நக பூட்டச் சொல்லுதே" என்றாள்.

தறிக் கொட்டகையில் பழகின தொண்டை. பக்கத்து வீட்டுக்காரி சொன்னது மண்டபத்துக்கே கேட்டிருக்கும்.

"இவுக புருசன் பந்தி வெளம்பிட்டு நிக்காரு, போயிப் பாருங்க. எம் புருசன் சாகக் கெடந்தப்போ இந்த நக அம்புட்டும் இவுக வீட்டு அரிசி டிரம்முலதான் கெடந்தது. ஒங்கள்ல யாருக்காவது தெரியுமா? தெரியாதுல்லா? ஒரு பேச்சு வெளிய வந்துச்சா? இவுக கை பட்டாத்தான் எம்பிள்ளைக்கு நக நெலைக்கும்."

டிபன் பாக்ஸை என் கையில் வைத்தாள். ஆரத்தைத் தூக்கினேன். அதன் கண்ணிகளுக்குள் மாட்டிக்கொண்டிருந்த இரண்டு அரிசி மணி என் உள்ளங்கையில் விழுந்தது. எங்கள் வீட்டு அரிசி. அதைத் துடைத்துவிட்டு, கல்யாணப் பெண்ணின் கழுத்தில் ஆரத்தைப் பூட்டினேன். "நல்லா இரு மக்கா" என்று சொல்லி என் முறையில் மனசுக்குள் ஒரு ஜெபம் செய்தேன். அந்தப் பிள்ளை, "பெரியம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டது. தங்கம் கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது, அதற்காகப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் மனசு அதன் மேல் போகவில்லை. கதவோரம் நின்றிருந்த என் மகள் மேல்தான் போனது.

செல்போனில் படம் எடுக்கத் தூக்கிய கை அப்படியே நிற்க, அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் அவள் பக்கத்தில் போனேன்.

"யம்மா, நான் ஒங்கள ஒரு நாளும் கேக்கல்லல்லா?" என்றாள்.

"நீ கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் மக்கா."

"தெரியும். அதான் கேக்கல" என்றாள் என் மகள்.